ஒரே உலையில் ஆறு பேர்

பஃபலோவில் ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டு, போன டிசம்பர் முடிவில் கனடாவில் டொரொன்டோவை ஒட்டிய ரூஜுக்குக் குடிவந்தோம். அமெரிக்காவுக்குக் கடைசியாக ஒரு வரிக் கணக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. அதில் திரும்பி வரப்போகும் பணத்தை நம்பி, வாங்கிய நாள் முதல் ஒழுகும் புது வீட்டுக் கூரையைத் திருத்த மனைவி ஆள் பேசி வைத்திருந்தாள்.

இரண்டு நாட்டு வரியும் பார்க்கும் பெண்மணி ஒருவர் ஒரு பிளாசா மாடியில் இருந்தார். ஒன்ராறியோ சுகாதார அட்டை கிடைத்த தெம்பில் நான் எறியப் பார்த்த தாளைத்தான் முதலில் கேட்டார். 1095-ஏ. அங்கே அரசாங்கத்தின் காப்புறுதிச் சந்தையில் வாங்கிய மருத்துவக் காப்புறுதிக்கு, அரசு மாதாமாதம் எவ்வளவு கட்டிக்கொடுத்தது என்று சொல்லும் தாள். காப்புறுதி விண்ணப்பத்தில் சொன்ன வருமானமும் ஆட்கணக்கும் சரிதானா என்று வரிக் கணக்கில் ஒப்பிட்டுக் காட்ட வேண்டுமாம்.

“அண்ணை, வீட்டில ஆறு பேர் எண்டு குடுத்திருக்கிறியள். நான் நாலு பேரைத்தான் காணுறன்.”

நான், மனைவி, பிள்ளைகள் இருவர் போக, மனைவியின் தம்பியும் அவன் மனைவியும் அங்கே எங்கள் பேஸ்மென்டில்தான் இருந்தார்கள் என்றேன். ஒரே உலை, ஒரே சோறு. மச்சானை விட்டுவிட்டு எழுதினால் மாமியார் முகத்தில் எப்படி முழிப்பது?

“அவை தங்கட டாக்ஸைத் தாங்களே ஃபைல் பண்ணினவையோ?”

ஓம் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. மச்சான் கெட்டிக்காரன்.

“அப்ப அவை உங்கட கணக்கில வராயினம். ஆரோட சாப்பிட்டியள் எண்டு அவங்கள் பாக்கிறேல்லை, அண்ணை.”

ஆள் கூடினால் அரசு கொடுக்கும் உதவியும் கூடும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். இல்லாத இரண்டு பேரின் பேரில் வருடம் முழுவதும் கூடுதலாக வாங்கியிருக்கிறேன். அவர் திரையை என் பக்கம் திருப்பினார். திரும்பி வரவேண்டிய பணத்தைக் காணவில்லை. அந்த இடத்தில் நான் கட்டவேண்டிய தொகை இருந்தது. வீடு நிறையப் புத்தகம் வைத்திருக்கும் மனிதன், விண்ணப்பத்தில் இருந்த நாலு வரி விளக்கத்தைப் படிக்கவில்லை.

கார் நிறுத்துமிடத்தில் இருந்து மச்சானுக்கு ஃபோன் அடித்தேன். அவனும் இப்போது பக்கத்து ஊரான பிக்கரிங்கில்தான். அவனும் ஆறு என்றுதான் எழுதியிருப்பான், பாவம், முன்கூட்டியே எச்சரிக்கலாம் என்று.

“இல்லை அத்தான், நாங்கள் ரெண்டு பேர் எண்டெல்லோ போட்டனாங்கள். அதில வடிவா எழுதிக் கிடந்ததே.”

வீட்டுக்குப் போனபோது மனைவி கூரைக்குக் கீழே வாளி மாற்றிக்கொண்டிருந்தாள். பணம் போனதை மட்டும் சொன்னேன்.