ரொவீனாவின் இருநூற்றுப் பதினொரு நாட்கள்

ஆஸ்திரேலியாவின் பார்கால்டின் ஊரில் ஆட்டு ரோமம் கத்தரிக்கும் ஒப்பந்தக்காரர் டெஸ் ஹாலிகனிடம் பதினெட்டு வருடமாக அலுவலகம் பார்ப்பவள் ரொவீனா பக்ஸ்டன். டெஸ்ஸின் ஆட்கள் பதினொரு பேர்; வருடத்தில் பத்து மாதம் பண்ணை பண்ணையாகச் சுற்றுவார்கள். ஒருமுறை, பண்ணை மாறிவிட்டது என்ற மின்னஞ்சல் வழியில் எங்கோ காணாமல்போய், அத்தனை பேரும் முந்நூறு கிலோமீட்டர் வண்டி ஓட்டிப்போய் ஆடே இல்லாத கொட்டகை வாசலில் நின்றார்கள். அன்று டெஸ்ஸுக்கு ஞானம் பிறந்தது. மின்னஞ்சலுக்குச் சொந்தமாக சர்வர் வைப்பது என்று முடிவு செய்து, வேலையை ரொவீனா தலையில் கட்டினார்.

அவள் படித்தது டைப்பிங். ஆனாலும் விடவில்லை; நாலு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு திட்டம் போட்டாள். அலுவலகத்தில் ஒரு இயந்திரம், அது படுத்தால் அஞ்சலை வாங்கிவைக்கத் தூரத்து ஊரான டூவூம்பாவில் இன்னொன்று, மின்சாரம் போனால் பேட்டரி. சர்வருக்குக் குளிர்ச்சி நல்லது என்று எங்கோ கேள்விப்பட்ட டெஸ், அதை பீர் வைக்கும் குளிர் அறையில் வைக்கச் சொன்னார். அவரிடமிருந்து அதைக் காப்பாற்றியதுதான் அந்தத் திட்டத்திலேயே பெரிய வேலை.

சர்வர் நிற்காமல் ஓடிய நாட்களைச் சுவர்ப் பலகையில் எழுதிவந்தாள். இருநூற்றுப் பதினொன்று. அவள் மகன் பட்டம் வாங்கிய போட்டோவைக்கூட அவ்வளவு நேராக மாட்டவில்லை.

ஜூலையில் மழை பிடித்தது. ஈர ஆட்டைக் கத்தரித்தால் கத்தரிப்பவர் உடம்புக்கு ஆகாது என்பார்கள். அதனால் ஆளுக்கு இரண்டு ஆடு கத்தரித்துப் பார்த்து, ஈரமா காய்ந்ததா என்று சீட்டு எழுதித் தொப்பியில் போடுவது வழக்கம். யார் என்ன எழுதினார் என்று யாருக்கும் தெரியக்கூடாது. இத்தனை பெரிய சர்வர் இருக்கும்போது தொப்பி எதற்கு, ரொவீனாவுக்கு மின்னஞ்சல் போடுங்கள், அவள் எண்ணிக்கையை மட்டும் சொல்வாள் என்றார் டெஸ். அவளை நம்பி ஆட்களும் சம்மதித்தார்கள்.

ஈரம் ஆறு, காய்ந்தது ஐந்து. வேலை நின்றது. பண்ணைக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட டெஸ் நேரே அவள் மேசைக்கு வந்தார்.

"அந்த ஆறு பேர் யாருன்னு காட்டு, ரோ. அடுத்த பண்ணைக்கு அவனுங்க வேண்டாம்."

"எண்ணிக்கை மட்டும்தான்னு பேச்சு."

"அது அவனுங்களுக்குச் சொன்னது. நீ என் ஆளு. டீ போட்டுட்டு வரேன், எடுத்து வை."

கெட்டில் கொதிக்கும் நேரத்துக்குள் இரண்டு ஊரிலும் அந்தப் பதினொரு அஞ்சலையும் அழித்தாள். பிறகு இரண்டு இயந்திரத்தையும் நிறுத்தினாள்.

"சர்வர் படுத்துடுச்சு, டெஸ். எல்லாம் போச்சு."

"டூவூம்பாவுல ஒண்ணு இருக்கே?"

"அதுவும்தான்."

"நாலு மாசம் உக்காந்து நீ போட்ட திட்டம் இதுதானா?"

அவள் சுவர்ப் பலகையைப் பார்த்தாள். "இதுதான்" என்றாள்.

சனிக்கிழமை ஆட்கள் ஊர் திரும்பினார்கள். அவர்களுடைய பிரதிநிதி வாரன் தன் அழுக்குத் தொப்பியைக் கழற்றி அவள் மேசைமேல் வைத்தான்.

"இது ஒருநாளும் படுத்ததில்ல, ரோ. பேட்டரியும் கேக்காது."

பதினொரு பேரும் சிரித்தார்கள். அதிகச் சத்தமாகச் சிரித்தவர்கள் ஆறு பேர். ஈரம் என்று எழுதிய அந்த ஆறு பேரையும் அவளுக்குப் பெயர் பெயராகத் தெரியும். அவளும் கூடச் சிரித்தாள். அவர்கள் போனதும் பலகையைத் துடைத்து, பூஜ்யம் என்று எழுதினாள்.