வரிசையில் ஒரு மஞ்சள் கேன்

இது கதை இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் வாய்விட்டுச் சிரிக்கிற ஆள் நான். இருபத்திரண்டு வருஷமாகப் பைப் வேலை பார்க்கிறேன். மூடிப்போன ஆஸ்பத்திரி, ஆளில்லாத பங்களா, எங்கெங்கோ ராத்திரியில் தனியாகப் படுத்து வேலை முடித்திருக்கிறேன். ஒரு பூனைகூடக் குறுக்கே போனதில்லை. நம்புகிறவர்கள் நம்புங்கள், நம்பாதவர்கள் போய்த் தூங்குங்கள், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. ஆனால் என் அக்காவுக்கு இது தெரிந்தாக வேண்டும். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

வெள்ளத்தில் எங்கள் பக்கம் மொத்தமும் போய்விட்டது. மூவாயிரம் பேரைக் கொண்டுவந்து ஒரு பழைய கிடங்கு மைதானத்தில் இறக்கினார்கள். கூடாரம் கொடுத்தார்கள். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சிவப்பு பிளாஸ்டிக் டம்ளர் கொடுத்தார்கள். தண்ணீர் மட்டும் இல்லை. நிவாரணக் குழுவில் ஒரு இன்ஜினியர் வந்து, "இங்க யாருக்காவது பைப் வேலை தெரியுமா?" என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். அன்றிலிருந்து எனக்குச் சனி பிடித்தது.

வேலை இதுதான். ஆற்றிலிருந்து பம்ப் வைத்து இழுக்க வேண்டும். தகரத் தொட்டி ஒன்றை போல்ட் போட்டுப் பூட்டி, உள்ளே ரப்பர் விரித்து, அதில் நிரப்ப வேண்டும். படிகாரம் போட்டுச் சேறு அடியில் தங்கும்வரை விட வேண்டும். பிறகு ப்ளீச்சிங் பவுடர். அதைக் கலக்கி அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். அப்புறம் ஒரு குப்பியில் தண்ணீர் பிடித்துச் சோதனை மாத்திரையைப் போட வேண்டும். ரோஸ் நிறமானால் குடிக்கலாம். ஆகாவிட்டால் குடிக்கக் கூடாது. அதற்குப் பிறகுதான் ஜனம் தண்ணீர் பிடிக்கிற குழாய் மேடைக்குப் போகும் வால்வைத் திறக்கலாம்.

இன்ஜினியர் வாயைத் திறந்தால் அந்த அரை மணியைத்தான் சொல்வார். காலையில் குட் மார்னிங் சொன்னால்கூட, "அரை மணி ஆச்சா?" என்பார். நாங்கள் அவருக்கு 'அரைமணி' என்றே பெயர் வைத்துவிட்டோம்.

முதல் நாள் அரைமணி ஊரில் இல்லை. இரண்டாவது பம்ப் எடுத்துவரப் போயிருந்தார். காலை 10.10க்குப் பவுடர் கலக்கினேன். 10.40க்குத்தான் திறக்க வேண்டும். எதிரே ஜனம். இரண்டு நாளாகத் தண்ணீர் பார்க்காத ஜனம். வரிசையில் முதலில் நின்ற ஒரு பெண் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"தம்பி, புள்ளைக்கு நாக்கு ஒட்டிப் போச்சு. உங்க கால்ல விழறேன். தொறந்து விடுங்க தம்பி."

மனசு கேட்கவில்லை. 10.15க்குத் திறந்துவிட்டேன். மாத்திரையும் போட்டுப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் கேன் நிரம்பியது. அவளுக்கு அடுத்து என் அக்கா மகள் பாப்பா நின்றாள். ஐந்து வயசு. "மாமா, எனக்கு!" என்று சிவப்பு டம்ளரை நீட்டினாள். என் கையாலேயே பிடித்துக் கொடுத்தேன். குறிப்பேட்டில் 10.40 என்று எழுதினேன்.

மூன்றாம் நாளிலிருந்து முகாமில் வாந்தியும் பேதியும். ஐந்தாம் நாள் பாப்பாவும் விழுந்தாள்.

அது அழுக்குக் கைகளால் வந்திருக்கலாம், ஈக்களால் வந்திருக்கலாம், தொட்டியிலிருந்தும் வந்திருக்கலாம். அரைமணி என்னிடம், "முதல் நாள் அரை மணி சரியா விட்டதானே?" என்று கேட்டார். "சத்தியமா சார்" என்றேன்.

ஏழாம் நாள் ராத்திரிதான் நான் சொல்ல வந்தது.

சாயங்காலம் 6.20க்கு பம்ப் நின்றது. ஆற்றுக்குள் கிடக்கும் குழாயின் வாயில் சேறும் பாலிதீனும் அடைத்துக்கொண்டது. தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மருத்துவக் கூடாரத்திலிருந்து நர்ஸ் ஓடிவந்தார். "சலைன் தீந்துருச்சு. உப்பும் சர்க்கரையும் கலக்கித்தான் குடுத்துட்டு இருக்கோம். இருக்கிற தண்ணி நடு ராத்திரி வரைக்கும்கூட வராது. காய்ச்சலாம்னா விறகெல்லாம் ஊறிக் கிடக்கு. உங்க பாப்பா ரொம்ப முடியாம இருக்கா. சீக்கிரம் பாருங்க."

மழையில், மார்பளவு ஆற்றில் இறங்கி அடைப்பை எடுத்தேன். 9.40க்கு பம்ப் ஓடியது. மற்றவர்களைப் படுக்க அனுப்பிவிட்டேன். தொட்டிக்கும் குழாய் மேடைக்கும் நான் ஒருத்தன்தான் காவல்.

எங்கள் முகாமில் ஒரு வழக்கம். ராத்திரியே கேனை வரிசையில் வைத்து இடம் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பஸ்ஸில் துண்டு போடுகிற மாதிரி. கேன் இல்லாதவர்கள் செருப்பை வைப்பார்கள், செங்கல்லை வைப்பார்கள். முதல் இடம் எப்போதும் முடிவெட்டுகிறவருடைய நீல டிரம்முக்குத்தான். அவர் டிரம்மின் பக்கத்திலேயே தார்ப்பாய் போர்த்திப் படுத்துவிடுவார். "என்னைத் தாண்டி ஒரு கொசு போயிருமா?" என்று சவால் விடுவார். விட்ட சூட்டிலேயே குறட்டையும் விடுவார்.

மணி 11.20. மழை விட்டிருந்தது. சரளைக் கல்லில் எதையோ இழுக்கிற சத்தம்.

சர்ர்ர்... சர்ர்ர்...

டார்ச் அடித்தேன். வரிசையின் கடைசியில் ஒரு மஞ்சள் கேன். கைப்பிடியில் பச்சைத் துணி கட்டியிருந்தது. யாரோ தாமதமாக வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

12.35. திரும்பவும் அந்தச் சத்தம். டார்ச் அடித்தேன். மஞ்சள் கேன் வரிசையின் நடுவில் இருந்தது.

எனக்குக் கோபம்தான் வந்தது. "யாருப்பா அது, ராத்திரியில வரிசை தாண்டுறது?" என்று கத்தினேன். கிட்டே போய்ப் பார்த்தேன். கேனைச் சுற்றிச் சேறு, வழித்த மாவு மாதிரி வழவழவென்று இருந்தது. ஒரு காலடி இல்லை. இழுத்த தடம் இல்லை.

1.50க்குத் தொட்டியில் போதிய தண்ணீர் ஏறியது. படிகாரம் போட்டேன். திரும்பிப் பார்த்தேன்.

மஞ்சள் கேன் நீல டிரம்முக்கு முன்னால் இருந்தது.

முடிவெட்டுகிறவரை எழுப்பலாமா என்று யோசித்தேன். எழுப்பினால் நாளைக்கு முகாமே என்னைப் பார்த்துச் சிரிக்கும். பேசாமல் தொட்டி ஏணியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

2.40க்கு அரைமணி போன் செய்தார். வேறு முகாமில் இருந்தார்.

"பவுடர் போட்டியா?"

"இதோ போடப் போறேன் சார். சார்... என் அக்கா பொண்ணு..."

"தெரியும்ப்பா. அதுக்காகத்தான் சொல்றேன். அரை மணி. ஒரு நிமிஷம் குறையக் கூடாது."

2.45. பவுடர் கலக்கினேன். 3.15க்குத் திறக்கலாம். இந்தத் தடவை உயிரே போனாலும் அவசரப்படக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வால்வின் கைப்பிடியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

2.52. மஞ்சள் கேனுக்குப் பக்கத்தில் ஒரு பெண் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

வந்ததை நான் பார்க்கவில்லை. தலையில் முக்காடு. முகம் தெரியவில்லை. மழை விட்டு மூன்று மணி நேரத்துக்கு மேலாகிறது. அவள் முக்காட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

"தம்பி... ஆயிடுச்சா?"

மனுஷக் குரல்தான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இன்னும் இருபத்து மூணு நிமிஷம் இருக்கும்மா. போய்ப் படுங்க."

"பரவால்ல. இருக்கேன்."

கேனுக்குப் பின்னால், நீல டிரம்முக்கு முன்னால், ஒரு சிவப்பு டம்ளர் இருந்தது. முகாமில் எல்லாப் பிள்ளைகளிடமும் இருக்கிற டம்ளர். டம்ளரின் காதுப் பிடியில் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது.

"அது யாரோடதும்மா?"

"பாப்பாவோடது. கூடவே இடம் போட்டிருக்கேன்."

"ஒரு ஆளுக்கு ஒரு இடம்தாம்மா."

ஆற்றுச் சேற்றின் வாடை குப்பென்று அடித்தது.

3.01.

"தம்பி... இப்பத் தொறங்களேன்."

"முடியாதும்மா. நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"அன்னைக்குக் கெஞ்சினதும் தொறந்தீங்களே..."

நான் ஏணியில் ஒரு படி மேலே ஏறினேன்.

"அன்னைக்கு ஏன் தம்பி அரை மணி சொல்லல?"

திட்டவில்லை. சாபம் விடவில்லை. சும்மா... தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

3.05.

முதல் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம்.

டொக்... டொக்... டொக்...

வால்வு மூடியிருக்கிறது. கைப்பிடி என் இடுப்பில். தொட்டுப் பார்த்தேன். இருந்தது.

டொக்... டொக்... சளசள...

டார்ச்சைத் திருப்பினேன்.

குழாயிலிருந்து பழுப்பு நிறத்தில் தண்ணீர். அதன் கீழே சிவப்பு டம்ளர்.

டார்ச் அணைந்தது.

தட்டினேன். தட்டினேன்...

எரிந்தது.

பெண் இல்லை. மஞ்சள் கேன் இல்லை. டம்ளரும் இல்லை.

குழாய் காய்ந்து கிடந்தது.

ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. பாப்பாவுக்குத் தண்ணீர் வேண்டும். ஏணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்தேன். 3.15. குப்பியில் பிடித்தேன். மாத்திரையைப் போட்டேன். ரோஸ். அழகான, சுத்தமான ரோஸ். தொட்டியிலிருந்தே ஐந்து லிட்டர் கேனை நிரப்பிக்கொண்டு, தடுக்கி விழுந்து எழுந்து ஓடினேன்.

மருத்துவக் கூடாரத்தின் வாசலில் அக்கா உட்கார்ந்திருந்தாள். உள்ளே போகவிடாமல் என் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டா லேட்டு?"

எனக்குப் புரிந்துவிட்டது. புரியாத மாதிரி நின்றேன்.

"தண்ணி தண்ணின்னே கேட்டாடா. மாமா கொண்டு வருவான், மாமா கொண்டு வருவான்னு சொல்லிட்டே இருந்தேன்."

நர்ஸ் அட்டையில் நேரம் எழுதியிருந்தார். 3.05.

"அரை மணி முன்னாடி கொண்டு வந்திருந்தா?" என்று நர்ஸிடம் கேட்டேன். அவர் கேனை வாங்கிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அங்கே இன்னும் எட்டுப் பேர் கிடந்தார்கள்.

விடியும் நேரத்தில் அவரைத் தனியாகப் பிடித்து, பச்சைத் துணி கட்டிய மஞ்சள் கேன் யாருடையது என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"அந்த அம்மாதான் இங்க முதல்ல போனது. மூணாம் நாள் ராத்திரி. மறுநாளே அவங்க பையனும். அந்தக் கேனை நானே நின்னு உடைக்கச் சொல்லி, சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வச்சேன். நோய் பரவிரும்ல... ஏன் கேக்கறீங்க?"

ஒன்றுமில்லை என்றேன்.

அக்கா பாப்பாவின் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு சட்டை, ஒரு சீப்பு. "டம்ளரைக் காணோம்டா. ராத்திரி தலைமாட்டுலதான் இருந்துச்சு. நீ காதுக்கு டேப் சுத்திக் குடுத்தியே, அது" என்றாள்.

உடைந்த டம்ளர் காதுக்குப் பைப் மரையில் சுற்றுகிற வெள்ளை டேப்பை நான்தான் சுற்றிக் கொடுத்தேன்.

அங்கிருந்து குழாய் மேடைக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. வரிசையில் முதலாவதாக, சேற்றில், டம்ளர் நின்றிருந்தது. நிறையத் தண்ணீர். பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துப் போட்டேன். ஒரு நிமிஷம் பார்த்தேன். ஐந்து நிமிஷம் பார்த்தேன்.

ரோஸ் ஆகவே இல்லை.

முடிவெட்டுகிறவர் தார்ப்பாயை உதறிக்கொண்டு எழுந்தார். என்னையும் டம்ளரையும் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"நல்ல சேதி தம்பி! உங்க பாப்பா எந்திரிச்சுட்டா போலயே? ராத்திரி ரெண்டே முக்கால் இருக்கும், டம்ளரை எடுத்துட்டு வந்து எனக்கு முன்னாடி வச்சுது. சின்னப் புள்ளைதானேன்னு விட்டுட்டேன். கூட ஒரு பொம்பளையும் ஒரு பையனும் வந்தாங்க. அந்தப் பொம்பளை கையைப் பிடிச்சுக்கிட்டு எவ்ளோ சமத்தா நின்னுச்சு தெரியுமா!"

ரெண்டே முக்கால். நான் பவுடர் கலக்கிக்கொண்டிருந்த நேரம். அப்போது பாப்பா கட்டிலில் உயிரோடு இருந்தாள், இரண்டு நாளாக எழுந்து உட்காரக்கூட முடியாமல்.

பின்னால் கேன்களோடு ஜனம் சேர்ந்துகொண்டிருந்தது. "வால்வைத் தொறப்பா, மணி ஆறாச்சு" என்று யாரோ கத்தினார்கள்.

அக்கா, முதல் நாள் நான் திறந்தது 10.15க்கு. குறிப்பேட்டில் இருப்பது பொய்.