வெறும் வாசலின் படம்

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். அரிமளத்தில் குடும்பம். வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்குப் போய்வராமல் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டேன். இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. சாமிக்குப் பயப்படாதவள் யாரோ செய்த காரியம் என்று இதைப் படிப்பவர்கள் நினைத்துவிடக் கூடாது. தினமும் விளக்கேற்றுகிறவள்தான் செய்தேன்.

கட்டற்ற மென்பொருள் என்று ஒன்று இருக்கிறது. ஒருவர் எழுதி ஊருக்குப் பொதுவாக விட்டுவிடுவார். யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், கூடச் சேர்க்கலாம். எங்கள் மாவட்டத்துக்காரர் ஒருவர், பெங்களூரில் பொறியாளராக இருப்பவர், கோலம் வரைவதற்கு அப்படி ஒன்று செய்திருந்தார். போனில் புள்ளி வைத்து விரலால் இழுத்தால் கம்பிக்கோடு வளைந்து வரும். வரைந்ததை அனுப்பினால் பொதுச் சேமிப்பில் சேரும். டைல்ஸ் கம்பெனிக்காரர், சேலையில் அச்சடிக்கிறவர், பள்ளிக்கூட டீச்சர், யார் வேண்டுமானாலும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு கல்யாண வீட்டில் அவர் என்னிடம் சொன்னார்: "அக்கா, எனக்கு புரோகிராம் எழுதத்தான் வரும். கோலம் ஒங்க கையில இருக்கு. ஒரு பத்து பேர சேர்த்துக் குடுங்க, போதும்."

பதினொரு பேரைச் சேர்த்தேன். பாதிப் பேர் அரிமளம், மற்றவர்கள் கறம்பக்குடி, மீமிசல் பக்கம். எல்லாரும் குடும்பப் பெண்கள். யாருக்கும் இதில் வருமானம் கிடையாது. வாட்ஸ்அப்பில் ஒரு குழு போட்டோம். காலையில் வாசலில் போட்ட கோலத்தைப் படம் எடுத்து, அதையே போனில் வரைந்து, இரண்டையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அனுப்பினால் அந்தக் கோலச் செயலியில் நம் பெயருக்கு நேரே அன்றைக்குரிய கட்டம் பச்சையாகும். அனுப்பாவிட்டால் வெள்ளையாகவே இருக்கும்.

அந்தப் பச்சைக் கட்டம் என்னைப் பிடித்து ஆட்டியது. காலையில் பால் காய்ச்சுமுன் அதைத்தான் பார்ப்பேன். வெள்ளிதோறும் கோயிலிலிருந்து வந்த கையோடு, நெற்றியில் குங்குமம் காயுமுன், குழுவில் குரல் பதிவு போடுவேன். "கறம்பக்குடி அக்கா, நாலு நாளா வெள்ளை. தூக்கம் தெளியலையா, இல்ல வாசலையே வித்துப்புட்டீகளா?"

அவரும் சிரிப்பார். "எங்க மாமியா திட்டுக்கு ஒங்க திட்டு எவ்வளவோ தேவலை."

திட்டத் திட்டக் கோலம் கூடியது. பொறியாளர் பாராட்டினார். மற்ற மாவட்டத்துக் குழுக்கள் தூங்கி வழிகின்றன, உங்கள் குழுதான் ஓடுகிறது என்றார். அம்மனுக்குச் செய்கிற கைங்கரியம் இது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். பத்து நாள் தொடர்ந்து வெள்ளையாக இருந்தால் குழுவிலிருந்து நீக்கம் என்று ஒரு விதியும் போட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகப் போட்டது.

மீமிசலில் ஒரு பெண் இருந்தார். கணவர் கடலுக்குப் போகிறவர். அந்தப் பெண் குழுவில் பேசவே மாட்டார், எழுத்தும் அவ்வளவாக வராது. படம் மட்டும் வரும். ஆனால் அந்தக் கை! இருபத்தொரு புள்ளிச் சிக்குக் கோலத்தை எங்கே தொடங்கினார், எங்கே முடித்தார் என்று கண்டுபிடிக்க முடியாது. அவர் கணவர் கடலிலிருந்து வந்து, ஐஸ் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்று படம் எடுப்பாராம். அதனால் அவர் படங்கள் மட்டும் மேலிருந்து பார்த்ததுபோல் நேராக இருக்கும். என் கோலம் சுமார்தான். எனக்கே தெரியும்.

புதுக்கோட்டையில் எல்லாக் குழுக்களையும் கூட்டிச் சந்திப்பு வைக்கப்போவதாகப் பொறியாளர் சொன்னார். எங்கள் குழுவிலிருந்து ஒருவருக்கு ஒப்புதல் பொறுப்பு தருவார்களாம். அதாவது, மற்றவர்கள் அனுப்பும் கோலத்தைப் பார்த்து, சரி என்றால் சேமிப்பில் ஏற்றுவது, இல்லையென்றால் திருப்பி அனுப்புவது. நான் என் சேலையைக்கூட எடுத்து வைத்துவிட்டேன். அவர் மீமிசல் பெண்ணின் பெயரைச் சொன்னார்.

"ஒங்களுக்குச் சந்தோஷம்தானக்கா?"

"ரொம்ப சந்தோஷம் தம்பி. எங்க கொழுவுக்குத்தான பெரும."

ஆளைச் சேர்த்தது நான், விரட்டி வேலை வாங்கியது நான், பொறுப்பு அவருக்கா என்று மனம் அரித்தது.

அந்த வாரமே மீமிசல் பெண்ணின் கட்டம் வெள்ளையானது. ஒரு நாள், இரண்டு நாள். போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வெள்ளையைப் பார்க்க எனக்கு மனம் குளிர்ந்தது. மூன்றாம் நாள் அவரிடமிருந்து குழுவுக்கு ஒரு படம் வந்தது. பெருக்கிய தரை, வாசற்படி. கோலமில்லை. ஒரு புள்ளிகூட இல்லை. தரையிலிருந்து கோணலாக எடுத்த படம். கீழே ஒரு வார்த்தையும் இல்லை.

எங்கள் பக்கத்தில் எந்த வாசல் கோலமில்லாமல் கிடக்கும் என்று எனக்குத் தெரியாதா? விவரம் தெரிந்த நாளிலிருந்து தெரியும். ஆனால் அன்றைக்கு என் கண்ணில் பட்டது திமிர் மட்டும்தான். உடனே குரல் பதிவு போட்டேன்.

"என்ன மீமிசலு, பொறுப்பு வரப்போகுதுன்ன ஒடனே வெறுந்தரைய அனுப்புறீக? நாளைக்கு வெறும் சட்டிய அனுப்பி கொழம்புன்னு சொல்லுவீகளோ?"

குழு சிரித்தது. நான் பழக்கிய சிரிப்பு. "மீனு கழுவுன தண்ணில கோலம் கரைஞ்சு போச்சு போல" என்றார் ஒருவர். "ஐஸ் பொட்டி மேல ஏறுற ஆளுக்கு இன்னைக்கி லீவா?" என்றார் இன்னொருவர். அதற்கும் சிரித்தோம். மீமிசல் பெண் எல்லாவற்றையும் பார்த்துவிட்டதற்கு அடையாளமாக நீலக் குறி விழுந்தது.

ஆறாம் நாள், எங்கள் தெருவிலேயே குழுவில் இருப்பவர் ஒருவர் வீட்டுக்கு ஓடி வந்தார். அவர் நாத்தனாரைக் கட்டிக்கொடுத்தது மீமிசல் பக்கம். வாசலிலேயே நின்று சொன்னார்: "அக்கா, மீமிசல்காரவுக வீட்டுக்காரரு எறந்துட்டாராம். படகுலயே நெஞ்சு வலி. நம்ம சிரிச்சோமே அன்னைக்கி, எறந்து மூணா நாளாம்."

பூஜை அறைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனாலும் வாயில் வந்தது இதுதான்: "கொழுவுல போடாத. துக்க வீட்டுக்காரவுகள ஆளாளுக்குப் போன் போட்டுத் தொந்தரவு பண்ணிருவாளுக."

அவர் போய்விட்டார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. துக்கம் விசாரிக்கவும் போகவில்லை. அரிமளத்திலிருந்து மீமிசலுக்கு பஸ் இல்லாமலா போயிற்று? பத்தாம் நாள், விதி விதிதான் என்று அவரைக் குழுவிலிருந்தும் செயலியின் பட்டியலிலிருந்தும் நீக்கினேன். பொறியாளருக்கு நானே போன் செய்தேன்.

"பாவம் தம்பி, வீட்டுக்காரரு தவறிட்டாரு. வருசம் திரும்பாம மேடைக்கெல்லாம் வரமாட்டாக. எங்க பக்கத்து வழக்கம்."

"அவங்களே சொன்னாங்களாக்கா?"

"சொல்லாம என்ன. அழுதுக்கிட்டே சொன்னாக."

இந்தப் பொய்யை நான் யோசித்துத் தயார் செய்யவில்லை. சரளமாக வந்தது. அதுதான் இன்றைக்கும் எனக்கு பயம்.

நாற்பது நாள் கழித்துச் சந்திப்பு. புதுக்கோட்டையில் ஒரு சின்ன மண்டபம். எடுத்து வைத்த சேலையைக் கட்டிக்கொண்டு முன் நாற்காலியில் உட்கார்ந்தேன். விளக்கேற்றினோம். பொறியாளர் எழுந்து, மீமிசல்காரர் துக்கத்தால் வரமாட்டாராம், இனி ஒப்புதல் தருபவர் இவர்தான் என்று என் பெயரைச் சொன்னபோது, கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றார். நெற்றி வெறுமையாக இருந்தது. பக்கத்தில் அவர் அண்ணன்.

"தம்பி, நான் மீமிசல். நான் வரமாட்டேன்னு யாரு சொன்னா?"

பொறியாளர் என்னைப் பார்த்தார். மண்டபமே என்னைப் பார்த்தது.

"இல்ல தங்கச்சி, வழக்கம்னு ஒன்னு இருக்குல்ல…" என்றேன்.

"வழக்கம் எனக்குந் தெரியும்க்கா. வாசல்ல கோலம் போடாம இருந்தது யாரு, நானா நீங்களா?" குரல் உயரவில்லை. "மூணா நாளு ஒரு படம் அனுப்புனேன். வாயில சொல்ல வரல, எழுதவும் வரல. வாசலப் பாத்தா பொம்பளைக்குத் தெரியும்னு நெனச்சேன். பதினோரு பொம்பளைக பாத்தீக. அவரு பொணத்த எடுத்த வாசல்க்கா அது."

கறம்பக்குடி அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

மீமிசல் பெண் தன் போனைப் பொறியாளரிடம் நீட்டினார். காரியம் முடிந்த மறுநாளிலிருந்து தினம் ஒரு கோலம் போனிலேயே வரைந்து வைத்திருந்தார். "அனுப்புனா போக மாட்டேங்குது தம்பி. ஒங்களுக்கு அனுமதி இல்லைன்னு வருது. அவரு இருந்தா என்னன்னு பாத்துச் சொல்லுவாரு. இன்னைக்கி இங்க சந்திப்புன்னு கேள்விப்பட்டேன், அதான் நேர்ல கேட்டுப்புட்டுப் போகலாம்னு வந்தேன்."

அவர் போனைப் பார்த்துக்கொண்டே இருந்த பொறியாளர், என் பக்கம் திரும்பாமல், "அக்கா, கொஞ்சம் எந்திரிக்கிறீங்களா?" என்றார். எழுந்தேன். அந்த நாற்காலியில் அவரை உட்கார வைத்தார்கள். என் நெற்றிக் குங்குமம் வியர்வையில் மூக்கில் இறங்கியதை யாரோ சொன்னார்கள். துடைக்கக் கை எழவில்லை.

அதற்குப் பிறகு குழு என்னை விட்டுவைக்கவில்லை. விட்டுவைக்கவும் கூடாது. என் கட்டம் ஒரு நாள் வெள்ளையானால் போதும். "அரிமளத்து அக்கா, பொய் சொல்லிச் சொல்லிக் கை வலிக்குதா?" என்று பதிவு வரும். நான் பேசுகிற அதே இழுவை, அதே இடத்தில் நிறுத்தம். மீமிசல் பெண் மட்டும் அதில் கலந்துகொள்வதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை கோயில் பிரகாரத்தில் நின்று அவருக்குப் போன் செய்தேன். மன்னிச்சிருங்க என்று சொல்வதற்குள் அழுதுவிட்டேன்.

"அழுகாதீக. நீங்க அழுது நான் என்ன பண்ண?" என்றார். பின்னால் யாரோ மீன் விலை கேட்கும் சத்தம். "கோலம் அனுப்புங்க. நல்லா இருந்தா ஏத்துக்குறேன்."

அன்றே ஒன்று அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தது. "நாலாம் வரிசையில கம்பி மூடல" என்று கூடவே அவர் குரல் பதிவு. வஞ்சம் என்று நினைத்துப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூடவில்லைதான். திருத்தி அனுப்பினேன். "ஓரப் புள்ளி ஒன்னு தனியா நிக்கிது." நின்றது. மற்றவர்கள் கோலமெல்லாம் ஏறிக்கொண்டிருக்கிறது. நான் அனுப்புவது திரும்பி வருகிறது. ஒவ்வொரு முறையும் அவர் சுட்டிய இடத்தில் பிழை இருக்கிறது. அவர் பொய் சொல்கிறார் என்று ஒருமுறையாவது கண்டுபிடித்துவிட மாட்டோமா என்று, சாமி கும்பிட்டுவிட்டு உட்கார்ந்து, புள்ளி புள்ளியாகத் தேடுகிறேன். இன்று காலையும் ஒன்று திரும்பி வந்திருக்கிறது. அடுப்பில் உலை கொதிக்கிறது. ஏழாம் வரிசையாம். எடுத்துப் பார்த்தேன். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.