தலைவரின் சாக்பீஸ்

மைசூரில் எங்கள் கடைத்தெரு வியாபாரிகள் சங்கத் தலைவர் குள்ளமான, பருத்த மனிதர். சட்டைப் பையில் எப்போதும் சாக்பீஸ் இருக்கும். யார் கடைச் சாமானாவது நடைபாதைக்கு வந்துவிட்டால் அதைச் சுற்றிக் கோடு போட்டுவிடுவார்.

ஒருநாள் என் பிளாஸ்டிக் வாளிகளுக்கும் போட்டார். "ஸ்வல்ப, கொஞ்சம் உள்ள தள்ளிக்கோங்க சார், ஜனங்க நடக்கணும்."

எனக்குச் சுருக்கென்றது. "உங்க கடைப் படி மட்டும் வெளியே நீட்டிக்கிட்டிருக்கே, தலைவரே?"

எதிரே இருந்த தன் பாத்திரக் கடையைத் திரும்பிப் பார்த்தார். நேரே போய், அந்தப் படியைச் சுற்றியும் கோடு போட்டார். மறுநாள் படி இல்லை.

இப்போது தினமும் வேட்டியை மடித்துக் கட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு தாவித்தான் கடைக்குள் ஏறுகிறார். ஏறியதும் மூச்சு வாங்க, "பாத்தீங்களா சார், வயசு கொறையுது!" என்று சிரிக்கிறார்.

அவர் தாவும்போதெல்லாம் நான் வாளிகளை இன்னும் ஓர் அங்குலம் உள்ளே தள்ளுகிறேன்.