மாச் சாக்குத் தலையணை உறை

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன், ஒருவரிடமும் கைநீட்டியதில்லை. இன்று பேத்தி, நெஞ்சில் ஆங்கில எழுத்துப் போட்ட சட்டையோடு வந்து நின்றாள். எனக்கு முகம் சுட்டது.

அப்போது நான் சின்னப் பிள்ளை. சல்லி என்ற ஊரில் மச்சாளுக்குக் கலியாணம். பள்ளிக்கூடத்துக்கு வெளிநாட்டிலிருந்து இனாமாக வந்த கோதுமை மாவின் வெறுஞ் சாக்கை அம்மா அவித்துத் தோய்த்து, கஞ்சி போட்டு, பரிசாகக் கொடுக்கத் தலையணை உறை தைத்தார். சாக்கிலிருந்த நீல எழுத்துகள் மட்டும் போகவில்லை. அம்மாவுக்கு அவை பூவேலை போலத் தெரிந்தன. சிவப்பு நூலால் அவற்றின் மேலேயே வடிவாகத் தையல் போட்டார். எங்கள் இருவருக்கும் ஆங்கிலம் தெரியாது.

பந்தலில் மாப்பிள்ளையின் தம்பி உறையைத் தூக்கிப் பிடித்து வாசித்தார்.

"இனாமாக் குடுத்தது, விக்கக் கூடாது எண்டு தைச்சிருக்கு! ஆரை, கலியாணப் பொம்பிளையையோ அண்ணை?"

பந்தலே சிரித்தது. சத்தத்தில் அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"என்னவாம் பிள்ளை?"

"தையல் நல்ல வடிவாம் அம்மா."

அம்மாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்குத் தலை நிமிராது.

பேத்தியைக் கிட்டக் கூப்பிட்டேன். "பிள்ளை, உன்ரை சட்டையில எழுதியிருக்கிறதை ஒருக்கா சத்தமாய் வாசி. சிரிக்கிறதுக்கு ஏதும் இருந்தால் எனக்கு மறைக்காமல் சொல்லு."