பூனை யாருடையது

எங்கள் வீட்டில் பூனைக்கு ஒரே எதிரி அம்மாதான். தில்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் சமையலறை ஜன்னல் வழியாகத் தானாகவே குடிவந்த சாம்பல்நிறப் பெண் பூனை அது. அப்பா மடியில் இடம் கொடுத்தார். நான் என் தட்டிலிருந்து மீன் கொடுத்தேன். அது வாந்தி எடுத்தால் மட்டும் பழைய துணியோடு அம்மா வருவாள். துடைத்து முடிக்கும்வரை பூனையோடு சேர்த்து எங்களையும் வைவாள்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பூனை மறுபடியும் கக்கியது. அப்பா செய்தித்தாளை இறக்காமலே, "பூனைன்னா வாந்தி எடுக்கத்தான் செய்யும். நக்குன முடி வெளிய வருது, வேற என்ன?" என்றார். இவ்வளவு உறுதியாக அவர் அலுவலக விஷயம்கூடப் பேசியதில்லை.

அம்மா துணியைப் பிரித்துப் பார்த்தாள்.

"முடியா இது? முடின்னா ஒரு தரம் கக்கிட்டு உடனே சோத்துக்கு வந்து நிக்கும். இது விடிஞ்சதுலேருந்து மஞ்சத் தண்ணியாக் கக்குது. குடிச்ச தண்ணியும் தங்கல. மீனை வச்சா மூஞ்சியத் திருப்பிட்டுக் கட்டிலுக்கடியில போயி ஒடுங்குது. டாக்டர்ட்ட காட்டணும்."

நாளை பார்க்கலாம் என்றார் அப்பா. அதற்குள் அம்மா கட்டிலுக்கடியில் பாதி நுழைந்து பூனையை எடுத்துவிட்டாள். அவள் அதைத் தூக்கி நான் அன்றுதான் பார்த்தேன். வாயைத் திறந்தாள். நாக்கின் அடியில் ஒரு நூல் சுற்றியிருந்தது. முந்தின நாள் மலை மந்திர் முருகன் கோவில் வாசலில் வாங்கிய மல்லிகைச் சரத்தின் நூல். மறுமுனை தொண்டைக்குள் போயிருந்தது.

அப்பா ஓடிவந்து நூலைப் பிடித்தார்.

"இழுக்காதீங்க! தச்ச துணியில நூலை இழுத்தா மொத்தமும் சுருங்கிரும்லா? உள்ள குடலு என்னத்துக்கு ஆகும்?"

காய்கறிப் பையில் பூனையை வைத்து ஆட்டோவில் ஏறினோம். வழியெல்லாம் ஆட்டோக்காரரை "பையா, ஜல்தி, ஜல்தி" என்று அவசரப்படுத்திக்கொண்டே வந்தாள் அம்மா. பையின் வாயை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள்.

டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்றார். நூலை இழுத்திருந்தால் குடல் கிழிந்திருக்குமாம். நாளைவரை விட்டிருந்தாலும் பிழைப்பது கஷ்டமாம். அப்பா சுவரில் இருந்த நாய்ப் படத்தை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பில்லி கிஸ்கி ஹை?" என்றார் டாக்டர். பூனை யாருடையது, சம்மதம் சொல்ல வேண்டியவர் யார் என்று கேட்கிறார். அப்பா வாயைத் திறப்பதற்குள், "மேரா ஹை", என்னுடையது, என்றாள் அம்மா.

மத்தியானம் டாக்டர் வெளியே வந்து, நூலை எடுத்தாயிற்று, பிழைத்துக்கொள்ளும், ஓரிரு நாள் இங்கேயே இருக்கட்டும் என்றார். அம்மா முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். வெயில் என்றாள்.

வெறும் பையோடு திரும்பும்போது எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நான் தில்லியில் பிறந்தவள். இந்தியில் தப்பு வந்தால் என் காது பொறுக்காது.

"அம்மா, 'மேரா'ன்னு சொல்லக்கூடாது. பூனை பொம்பளைல்லா? 'மேரீ ஹை'ன்னு சொல்லணும்."

"சரிட்டி. இனிமே அப்படியே சொல்லுதேன்."

அம்மாவின் இந்தியைத் திருத்திவிட்ட பெருமையில் வீடுவரை நிமிர்ந்து உட்கார்ந்து வந்தேன். அவள் அங்கே சொன்னது என்ன என்பது எனக்கு எட்டப் பல வருடங்கள் ஆயின.