செங்கம்மா யார் வீட்டுப் பெண்

கவிதா நூறு நாள் வேலையில் மேட், வேலையை மேற்பார்ப்பவள். ஏரி தூர்வாரும் முப்பத்தெட்டுப் பெண்களையும் காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை வரிசையாக நிற்க வைத்து, போனில் படம் பிடித்து ஏற்ற வேண்டும். அதுதான் வருகைப் பதிவு. அளந்து விட்ட மண்ணைப் பெண்கள் பன்னிரண்டுக்குள் வெட்டிப் போட்டுவிடுவார்கள். இரண்டாவது போட்டோவோ இரண்டு மணிக்கு மேல்தான். அதற்குள் வீட்டுக்குப் போனால் அன்றைய கூலி அம்போ. ஊர்வம்பு எத்தனை நாளைக்குத்தான் தாங்கும்? அந்தக் காத்திருப்பில் படித்துக் காட்டத்தான் கவிதா நாவல் எழுதத் தொடங்கினாள்.

பொதட்டூர்பேட்டையில் தறி வீட்டில் பிறந்தவள். பன்னிரண்டாம் வகுப்பில் வரலாற்றில் பள்ளிக்கே முதல். மேலே படிக்க வைக்காமல், திருத்தணி மலையடிவாரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டும் கஜபதிக்குக் கட்டி வைத்துவிட்டார்கள். கஜபதி தங்கமானவன், புத்தகத்தைக் கண்டால் மட்டும் கொட்டாவி விடுவான். நூலகத்தில் இருந்த சரித்திர நாவல்களை ஒன்று விடாமல் படித்த கவிதாவுக்கு ஒரு எரிச்சல். அவற்றில் வெள்ளைக்காரனை எதிர்த்து வாளெடுத்த பெண்கள் அத்தனை பேரும் ராணிகள். அரண்மனைக்கு வெளியே இருந்த பொம்பளைகள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்களாம், சோறு வடித்துக்கொண்டா?

அதனால் செங்கம்மாவை உண்டாக்கினாள். கும்பினியார் காலத்தில் ஏரிக்கரைக்கு மண் சுமந்தவள் செங்கம்மா. விளையாத நிலத்துக்கும் வரி கேட்டு, கும்பினிப் படை பீரங்கியோடு வருகிறது. ஆண்கள் எல்லோரும் சிறையில். செங்கம்மா கூலிப் பெண்களைத் திரட்டி, மண்வெட்டியும் கடப்பாரையுமாக எதிர்த்து நிற்கிறாள். படைக்குப் பெயர் தேட கவிதா சிரமமே படவில்லை. வருகைப் பட்டியல்தான் கையில் இருக்கிறதே! சந்திரா ஒற்றறியப் போனாள். அனுராதா கவண்கல் வீசினாள். அம்சா, பீரங்கியின் வாயில் ஈர மண்ணை அடைத்தாள்.

நிஜ அம்சாவுக்கு ஐம்பத்தைந்து வயது. திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு வெட்டி வெட்டிக் கை காய்த்துப் போனவள். தன் பெயரைக் கேட்டதும் வெட்கம் தாங்காமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மறுநாள் வந்ததும் வராததுமாகக் கேட்டாள்:

"ஏ கவிதா, அந்த பீரங்கி இன்னா ஆச்சு? நான் பொழச்சிகினேனா?"

"பொழச்சிகினீங்கக்கா. மத்தியானம் படிக்கிறேன், இருங்க."

பதினோரு நோட்டு நிறைந்தது. அதைப் போனிலேயே தட்டி, சென்னையில் ஒரு பதிப்பாளருக்கு அனுப்பினாள். மூன்று மாதம் கழித்து அவரே கூப்பிட்டார்.

"நல்லா எழுதியிருக்கீங்கம்மா. புத்தகக் கண்காட்சிக்கே கொண்டு வந்துடலாம். ஒரே ஒரு மாத்தம். மண்ணு சுமக்கிறவ பின்னால ஒரு படையே போறது நம்புற மாதிரி இல்ல. கடைசியில அவ ராஜ வம்சம்னு தெரிய வந்தா எல்லாம் சரியாயிடும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். கவிதா "சரிங்க சார்" என்றாள். முப்பத்தாறு வயதில் முதல்முறையாக ஒருவர் அவள் பெயரை அட்டையில் போடுகிறேன் என்கிறார். அவளைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்?

அன்றைக்கே மூன்று பக்கம் எழுதிச் சேர்த்தாள். காயம்பட்டுக் கிடக்கும் செங்கம்மாவைத் தேடி அரண்மனைக் கிழவர் ஒருவர் வருகிறார். அவள் தோளில் இருக்கும் மச்சத்தைப் பார்த்துக் கண்ணீர் விடுகிறார். தாயே, தொட்டிலிலிருந்து காணாமல் போன இளவரசி நீதான் என்கிறார்.

மறுநாள் ஏரியில் அதைப் படிக்கும்போது, சண்டைக்கு வருவார்களோ என்று கவிதாவுக்கு உள்ளூரப் பயம். யாரும் வரவில்லை. எல்லோரும் தலையாட்டினார்கள். அம்சா மட்டும் கேட்டாள்.

"அப்போ அவ நம்மாளு இல்லியா?"

"கதைக்குத்தான்க்கா..."

"ஆங், அதானே பாத்தேன். மண்ணு தூக்கறவ எங்கனா பீரங்கி முன்னால போயி நிப்பாளா? ராஜா வூட்டு ரத்தம், அதான் அந்த தெகிரியம்." அம்சாவின் குரலில் கோபமே இல்லை. டிபன் பாக்ஸைக் கழுவ எழுந்தாள். "என் பேரையும் எடுத்துடு கவிதா. அரமண பொண்ணு கதையில நான் எதுக்கு?"

திட்டியிருந்தால்கூடத் தேவலை. போன மாதம் ராத்திரியோடு ராத்திரியாக ஏரி மண்ணை அள்ள வந்த டிராக்டருக்கு முன்னால் தனியாகப் போய் நின்று, ஏத்துடா பார்க்கலாம் என்று திருப்பி அனுப்பியவள் இதே அம்சாதான். அவள் வாயாலேயே இப்படிச் சொல்ல வைத்துவிட்டோமே என்று கவிதாவுக்கு வெட்கமாக இருந்தது.

அங்கேயே பதிப்பாளருக்குப் போன் போட்டாள். பெண்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சார், செங்கம்மா மண்ணு சுமக்கறவதான். கடைசி வரைக்கும் அப்படியேதான் சார்."

"அப்படின்னா நம்மகிட்ட முடியாதும்மா. வேற எங்கயாவது பாருங்க."

போனை வைத்தபோது கவிதாவின் கண்ணில் தண்ணீர் முட்டியது. புத்தகம் என்றால் சும்மாவா? பதினோரு நோட்டு, இரண்டு வருஷம்.

"இன்னாமே, புக்கு போச்சா?" என்றாள் அம்சா.

"போச்சுக்கா."

அம்சா திரும்பி வந்து, கழுவாத டிபன் பாக்ஸோடு எதிரிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"சரி, அழாத. அந்த அரமணக் கெயவன் வர்றதுக்கு முன்னாலர்ந்து படி."